சிங்கப்பூரிலிருந்து கைக்குழந்தையோடு புறப்படுவது

வரும் செப்டம்பரில் நாங்கள் மூவரும் சிங்கப்பூரை விட்டு மெல்பர்னுக்குக் குடிபெயர்கிறோம். மகளுக்கு இப்போது ஏழு மாதம் முடிந்திருக்கிறது. செய்தியைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் விசாரிப்பது சாமான்களைப் பற்றித்தான்: எதை விற்கிறீர்கள், எதைக் கப்பலில் அனுப்புகிறீர்கள், வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா. அவற்றுக்கெல்லாம் விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. என் மனத்தை விட்டு அகலாத கேள்வி வேறு. பாப்பாவின் ஒரு நாள் இன்று எந்த ஒழுங்கில் நடக்கிறதோ அது குலையாமல் அவளை எப்படி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? அவள் சாப்பிடும் கஞ்சி, உறங்கும் நேரம், போட வேண்டிய தடுப்பூசி, அவளைத் தூக்கும் கைகள் ஆகியவற்றை வைத்தே பயண மாதத்தைக் குறித்தோம். வேலை, வீடு, பெட்டி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

ஏன் போகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மகள் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பிறந்தாள். சிங்கப்பூரில் பிறப்பதால் மட்டும் குடியுரிமை வருவதில்லை. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். 2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழைத் தாளில் தராமல் மின்னிலக்க வடிவிலேயே தருகிறார்கள். அதைத் தரவிறக்கித் திறந்தபோது, பிறந்த வேளையில் இக்குழந்தை சிங்கப்பூர்க் குடிமகள் அல்ல என்ற வரி அதில் தெளிவாக இருந்தது. முன்பே தெரிந்த செய்திதான். ஆனாலும் பிள்ளை பெற்ற உடம்போடு, பச்சை உடம்பின் களைப்போடு அதைப் படித்தபோது, இவள் இந்த ஊரில் தங்கியிருப்பது முழுக்க முழுக்க அவளுடைய அப்பாவின் வேலை அனுமதியைச் சார்ந்தது, அந்த வேலை நின்றால் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் மூவரும் கிளம்ப வேண்டியிருக்கும் என்ற உண்மை நெஞ்சில் வந்து அமர்ந்துகொண்டது. ஆஸ்திரேலிய நிரந்தரவாச விசாவுக்கு நாங்கள் விண்ணப்பித்திருந்தது அவள் பிறப்பதற்கு முன்பு. அவள் பிறந்ததைத் தெரிவித்ததும் அவளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு நிலையான ஓரிடம் வேண்டும் என்பதைத் தவிர இந்த நகரத்தை விட்டுப் போக எங்களுக்கு வேறு காரணமே இல்லை.

தாள் வேலைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் வரிசை தவறினால் எல்லாமே தள்ளிப்போகும். இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, பிறந்து ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவுசெய்யப்பட வேண்டும்; வேறு நாட்டின் பாஸ்போர்ட் அக்குழந்தையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும். இங்கே அந்தப் பொறுப்பு கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகத்துடையது. அந்தப் பதிவையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டால்தான் மற்ற நாட்டு விசா வேலை நகரும். நம் வீடுகளில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். ஆகவே பிறப்புச் சான்றிதழை நிரப்பும் அன்றைக்கே, மகளின் பெயரும் அப்பாவின் பெயரும் எந்த இடத்தில் எப்படி முழுமையாக வர வேண்டும் என்று கணவரும் நானும் பேசி முடிவெடுத்து, அதே எழுத்துகளை எல்லா விண்ணப்பங்களிலும் ஒன்றுபோல் எழுதினோம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெற்றோர் யாரேனும் இதைப் படித்தால், பிரசவத்துக்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்த குழந்தை வெளிநாட்டவராக இருந்தால் தாய்க்குக் கிடைக்கும் பேறுகால விடுப்பு இங்கே 12 வாரம்; குடிமக்களின் குழந்தைகளுக்கு 16 வாரம். அந்த 12 வாரத்திலும் முதல் 8 வாரத்துக்குத்தான் சம்பளம் உறுதி. குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கான அரசு மானியமும் குடிமக்களின் குழந்தைகளுக்குத்தான் என்பதால், முழுக் கட்டணத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு நான் வேலையை விட்டேன். அம்மா பிரசவத்துக்கு வந்திருந்தார். ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர்கள் பெற்றோரை நீண்டகால அனுமதியில் வரவழைக்க மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும் என்பதால், அவரால் குறுகிய கால விசாவில்தான் இருக்க முடிந்தது. பத்தியச் சாப்பாடு முடிந்து, எண்ணெய்க் குளியல் பழகி, பாப்பா முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய வேளையில் அம்மா பட்டுக்கோட்டைக்குத் திரும்பினார்.

அதன் பிறகு என்னைத் தாங்கியவர் எதிர்வீட்டு மலாய்ப் பாட்டி. மக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மலாய் தெரியாது; இருவரும் பேசும் ஆங்கிலம் கொஞ்சமே. ஆனால் பாப்பா வயிற்று உப்பசத்தால் அலறிய இரவுகளில் அவர் சமையலறை விளக்கு எரியும். சற்று நேரத்தில் கதவு தட்டும் ஓசை கேட்கும். உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துச் சூடாக்கி, வயிற்றில் வட்டமாக நீவிவிடுவார். என் பாட்டி ஊரில் செய்ததும் அதேதான் என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாப்பாவை உறங்க வைக்கும் ஏணையைக் கூட மக்சிக்தான் கட்டித் தந்தார். அம்மா பழைய நூல் சேலையில் தூளி கட்டலாம் என்று உத்தரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் உத்தரத்துக்கு எங்கே போவது? இங்கே மலாய்க் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் இரும்புச் சட்டத்தில் சுருள்வில் மாட்டி அதில் சாரோங் எனும் கைலித் துணியைத் தொங்கவிடுவார்கள். மக்சிக் தம் பேரப்பிள்ளைகள் உறங்கிய சட்டத்தையே கொண்டுவந்து எங்கள் கூடத்தில் நிறுத்தினார். மாலையில் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அங்கே காற்று வாங்க அமர்ந்திருக்கும் சீனத் தாத்தாக்கள் கையை நீட்டுவார்கள். பாப்பாவும் தயங்காமல் தாவுவாள். பெற்ற தாய் ஒருத்தியின் கைகள் மட்டும் ஒரு குழந்தையை வளர்ப்பதில்லை என்பதை நான் இந்தப் புளோக்கில் கற்றேன். மெல்பர்னுக்கு எதைக் கொண்டுபோக முடியாது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கைகளைத்தான்.

இதனால்தானோ என்னவோ, அம்மா ஒரு யோசனை சொன்னபோது என்னால் உடனே மறுக்க முடியவில்லை. "பிள்ளையை ஆறு மாசம் எங்கிட்ட விட்டுட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் போயி வீடு வாசல்னு அமைச்சுக்கிட்டதும் நானே கொண்டாந்து விடுறேன்," என்றார். அத்தையும் மாமாவும் அதையே வழிமொழிந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாகத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள், இப்படித்தான் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டு வளர்த்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த பொருளாதார நெருக்கடியை அறிந்தவள் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அம்மாவின் மடியில் பாப்பா நன்றாகவே வளர்வாள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். தவிரவும், ஏழெட்டு மாதத்தில்தான் குழந்தைகள் தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரித்தறியத் தொடங்குகின்றன. நான் அறையை விட்டு வெளியே போனால் தேடி அழும் பருவம் இது. வீடும் ஊரும் மாறும்போது அவளுக்கு மாறாமல் இருக்கக்கூடியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டு, பிறகு பழக்கமான பாட்டியிடமிருந்தும் பிரித்து, மறந்துபோன பெற்றோரிடம் கொண்டுவந்து விட்டால், அவள் ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை இழப்பாள். கணவரும் நானும் பல இரவுகள் பேசி, வாடகைக்குக் கிடைக்கும் முதல் வீடு சிறியதானாலும் மூவரும் சேர்ந்தே போவது என்று உறுதிசெய்துகொண்டோம். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு தேவைப்பட்டது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மொட்டையாவது குலசாமிக்கு அடிச்சுட்டுப் போங்க," என்றார்.

அந்த ஒரு சொல்தான் எங்கள் நாட்காட்டியை மாற்றியமைத்தது. மொட்டை ஒற்றைப்படை மாதத்தில்தான். பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் ஆகஸ்டில் நடக்கிறது. ஆடியில் செய்யக் கூடாது, ஆகவே ஆவணி பிறக்கும் ஆகஸ்ட் 17க்குப் பிறகுதான் நாள் பார்க்க முடியும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடியிறக்கி, காதும் குத்திவிடலாம் என்று அண்ணன் இப்போதே விடுப்புக் கேட்டு வைத்திருக்கிறார். கணவரின் வேலை அனுமதியை ரத்து செய்தால் அதைச் சார்ந்த என் அனுமதியும் பாப்பாவின் அனுமதியும் கூடவே ரத்தாகி, 30 நாள் குறுகிய கால அனுமதி மட்டுமே தருவார்கள் என்பதால், ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகே ராஜினாமாவின் கடைசி நாள் வருமாறு அமைத்துக்கொண்டோம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தெரிவித்து, வரிக்கணக்கு முடியும்வரை அவருக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்துவைக்க வேண்டும். கடைசி மாதச் சம்பளம் உரிய நாளில் கைக்கு வராது என்பது இதன் பொருள். பாப்பாவின் செலவுக்கென்று ஒரு தொகையை இப்போதே தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் நாலு மணி நேரம். இந்த நெருக்கத்தை நான் இத்தனை ஆண்டுகள் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் அன்றிரவே ஏறி மறுநாள் காலையில் வாசலில் நிற்கலாம். மெல்பர்னிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானமே கிடையாது.

தடுப்பூசிதான் பயண மாதத்தைத் தீர்மானித்த இரண்டாவது காரணம். சிங்கப்பூர் அட்டவணைப்படி பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜியும் கல்லீரல் அழற்சி பி ஊசியும், பிறகு 2, 4, 6 மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியும் போடுகிறார்கள். எங்கள் பேட்டையின் பலதுறை மருந்தகத்தில் இவை எல்லாம் முடிந்துவிட்டன. அடுத்த பெரிய தவணை 12ஆம் மாதம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான ஊசி அப்போது வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் அதன் முதல் தவணை 12ஆம் மாதமே. ஆகவே ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியில் நாடு மாறினால் எந்தத் தவணையும் இரு நாடுகளுக்கு நடுவே விழுந்து விடுபடாது. அங்கே 12ஆம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் கிருமி ஒன்றுக்கான ஊசியும் அட்டவணையில் இருக்கிறது. சின்னம்மைக்கான ஊசியை இங்கே 12ஆம் மாதத்தில் தொடங்குவார்கள், அங்கே 18ஆம் மாதத்தில் போடுகிறார்கள். இங்கு போட்ட ஒவ்வோர் ஊசியின் பெயரும் தேதியும் உள்ள பதிவை அச்செடுத்து, குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தோடு கைப்பையில் வைத்துவிட்டேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு குடும்ப மருத்துவரிடம் காட்டி ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தடுப்பூசிப் பதிவு சரியாக இல்லாத குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்க முடியாது. நான் மீண்டும் வேலைக்குப் போவதும் இந்தத் தாளைப் பொறுத்தே இருக்கிறது.

எதைக் கொண்டுபோவது என்ற கேள்வியும் பாப்பாவைச் சுற்றியே வருகிறது. ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. தானியம், விதை, வேர், மரம் என எதைக் கொண்டுபோனாலும் வருகை அட்டையில் அறிவித்தே ஆக வேண்டும், அறிவிக்காமல் போனால் அபராதம் விதிப்பார்கள். அம்மா வறுத்து அரைத்து அனுப்பிய சத்துமாவு, பாப்பாவின் கையில் கட்டிய வசம்பு, பாட்டி காலத்து மரப்பாச்சி மூன்றும் இந்தப் பட்டியலில் வருகின்றன. மாவை இங்கேயே கஞ்சி காய்ச்சித் தீர்த்துவிடுவோம். மெல்பர்னின் டாண்டினாங் பகுதியில் இந்தியக் கடைகள் நிறைய உண்டு, கேழ்வரகுக்குப் பஞ்சமிருக்காது. மரப்பாச்சியை ஊரில் அண்ணன் வீட்டில் கொடுத்துவைக்கப் போகிறேன், விமான நிலையத்தில் அதை இழக்கும் வாய்ப்புக்குக் கூட எனக்கு விருப்பமில்லை. தள்ளுவண்டியின் சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தால் தடுத்து நிறுத்துவார்கள் என்பதால் அதைத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். கார் இருக்கையை மட்டும் எடுத்துப் போவதில் பொருளே இல்லை: அங்கே ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 1754 என்ற தர முத்திரை உள்ள இருக்கைதான் சட்டப்படி செல்லும். நல்ல நிலையில் உள்ள எங்கள் இருக்கையை, அடுத்த மாதம் பிரசவத்துக்குக் காத்திருக்கும் தோழிக்குக் கொடுக்கிறேன்.

உறக்கத்துக்குத்தான் அதிக முன்னேற்பாடு தேவைப்படுகிறது. கைக்குழந்தை தட்டையான, உறுதியான மெத்தையில் மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பு என்று மருத்துவர்கள் எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அங்கே ஏணைச் சட்டமும் இருக்காது. இப்போதே பகல் உறக்கத்தைத் தொட்டிலுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறோம். புது வீடு, புதுப் படுக்கை, புதுக் குளிர் மூன்றையும் ஒரே இரவில் அவள் மேல் சுமத்தக் கூடாது என்பது என் எண்ணம். முதல் நாள்களில் தொட்டிலில் போட்டதும் சாரோங்கின் விளிம்பைத் தேடுவதுபோல் கையைத் துழாவினாள். பக்கத்தில் அமர்ந்து அம்மா பாடும் தாலாட்டை நான் பாடுகிறேன், மெல்ல அடங்குகிறாள். நேர மாற்றம் பெரிதில்லை. செப்டம்பரில் மெல்பர்ன் சிங்கப்பூரைவிட இரண்டு மணி நேரம் முந்தி இருக்கும், அக்டோபர் முதல் ஞாயிறு அன்று கடிகாரத்தைத் தள்ளிவைத்தபின் மூன்று மணி நேரம். ஆனால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே பொழுது சாயும் நிலநடுக்கோட்டு ஊரில் பிறந்தவள் இவள்; வெளிச்சம் மங்கினால் பால், பிறகு உறக்கம் என்று பழகியிருக்கிறாள். டிசம்பரில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேலாகிவிடும். தடித்த திரைச்சீலை வாங்கி அறையை இருட்டாக்க வேண்டியிருக்கும். குளிரும் புதிது. செப்டம்பரில் வசந்தம் தொடங்கினாலும் அதிகாலையில் எட்டு டிகிரி வரை இறங்கும்; இங்கோ மின்விசிறியும் ஒரு மெல்லிய சட்டையுமே அவளுக்குப் போதும். கடும் குளிரான ஜூலையைத் தவிர்த்ததும் அவளுக்காகத்தான்.

தமிழைப் பற்றியும் நான் கவலைப்படுகிறேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. சாங்கி விமான நிலையத்திலும் அரசாங்க அறிவிப்புகளிலும் அந்த எழுத்து கண்ணில் படும், பேட்டை நூலகத்தில் அட்டைப் புத்தகங்கள் கிடைக்கும், லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காச் சந்தைக்குப் போனால் காய்கறிக்காரர் பாப்பாவைத் தமிழில் கொஞ்சுவார். ஆஸ்திரேலியாவில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேல். மெல்பர்னில் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளும், கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயிலும் உண்டு. ஆனாலும் அங்கே தமிழ் தானாக அவள் காதில் வந்து விழாது, நாங்கள்தான் நாள்தோறும் பேச வேண்டும். தேக்காவில் தேடித் தேடி வாங்கிய படப் புத்தகங்கள் கப்பலில் அல்ல, எங்களோடு விமானத்தில் வருகின்றன.

விக்டோரியாவில் தாய் சேய் நலச் செவிலியர் சேவை எல்லாக் குடும்பங்களுக்கும் இலவசம். பிறப்பு முதல் மூன்றரை வயது வரை பத்துச் சந்திப்புகள் வைத்திருக்கிறார்கள். எட்டாம் மாதச் சந்திப்பு எங்களுக்குத் தவறிவிடும், 12ஆம் மாதச் சந்திப்புக்கு அங்கே இருப்போம். இரவில் சந்தேகம் வந்தால் அழைக்க 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் உண்டு. அண்மையில் குழந்தை பெற்ற தாய்மார் கூடும் குழுக்களையும் அந்தச் செவிலியர்கள் வழியாக அறிந்துகொள்ளலாம் என்று முன்பே போன தோழி சொன்னாள். போன முதல் வாரத்திலேயே பதிவுசெய்துகொள்ளப் போகிறேன்.

மக்சிக்கிடம் ஏணைச் சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, இரவு உறக்கம் இன்னும் அதில்தானே, கடைசி வாரம் வரை வைத்துக்கொள் என்று சைகையாலேயே சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார். அம்மாவுக்கு ஆஸ்திரேலிய வருகையாளர் விசாவுக்கான ஆவணங்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். ஊரில் மொட்டை முடிந்த கையோடு அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால், நவம்பர் கடைசியில் வந்து பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கு எங்களோடு இருப்பார்.